அட்டையில் ஒரு பெயர்த் திருத்தம்

கல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு இதை விளங்கவைப்பது கொஞ்சம் சிரமம், ஐயா. நீங்கள் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்வீர்கள் என்றால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். காய்ந்த கல் எல்லாம் ஒரே ஜாதி. கருப்பு, சாம்பல், அழுக்கு. ஈரம் பட்டால்தான் உள்ளே என்ன நிறம் இருக்கிறது என்று தெரியும். தண்ணீர் பாட்டில் எப்போதும் பைக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். நாக்கு அப்படி எங்கேயும் போவதில்லை. அதனால் கல் பொறுக்குகிறவன் எவனாக இருந்தாலும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு நக்கு நக்கித்தான் பார்ப்பான்.

நம் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலை ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கியது என்பது உங்களுக்கும் தெரியும். அந்தக் கரும்பாறை முழுக்கக் குமிழி வெடித்த ஓட்டைகள். அந்த ஓட்டைகளில் காலங்காலமாகத் தண்ணீர் கசிந்து, சிலதில் அகேட் என்கிற வரிவரியான கல் உறைந்திருக்கும், அபூர்வமாகச் சிலதில் ஓப்பல். உள்ளே சிவப்பும் பச்சையும் ஓடுமே, அந்தக் கல். வாரம் ஒருமுறை அதைத் தேடிச் சுத்தியும் உளியுமாகப் போகிற பதினோரு பேர் சேர்ந்து நடத்துவதுதான் எங்கள் கல் சங்கம். பெண்டாட்டிக்குப் பயந்தவர்கள் சங்கம் என்று ஊரில் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை.

சங்கச் செயலாளர் ஒரு ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் வைத்த சட்டங்கள் இரண்டு. முதல் சட்டம்: முதலில் நக்கியவனுக்கே கல். சிரிக்காதீர்கள், யோசித்துச் செய்த சட்டம். "நான்தான் பாத்தேன்னு யார் வேணா சொல்லலாம்பா. பார்வைக்கு என்ன அத்தாட்சி? எச்சில் பொய் சொல்லாது" என்பார் டாக்டர். நல்ல கல் கிடைத்தால் நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் கண்ணாடி அலமாரிக்குப் போகும். பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை. 'கண்டெடுத்தவர்' என்று போட்டு, ஆளின் பட்டப்பெயர். டாக்டரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் நிஜமாகவே டாக்டருக்குப் படித்தாரா என்று எனக்குச் சந்தேகம் வந்ததே அதைப் பார்த்துத்தான்.

என் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஊருக்கெல்லாம் கண் கொடுக்கிறவன், எனக்கு மட்டும் மைனஸ் பதினொன்று. பட்டப்பெயர் சோடாபுட்டி. யாராவது அப்படிக் கூப்பிட்டால் நானே முந்திக்கொண்டு சிரித்துவிடுவேன். மற்றவர்களுக்கு அதிகம் மிச்சம் வைக்கக் கூடாது பாருங்கள்.

மாப்பிள்ளை என் தங்கையின் வீட்டுக்காரர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். சங்கத்தில் அவனுக்குப் பெயர் கழுகு. 'அவன்' என்கிறேனே என்று பார்க்காதீர்கள், அவன் என்னைவிட நாலு வயது சின்னவன். வாடா போடா என்றுதான் பழக்கம். அவனை மலைக்குக் கூட்டிப்போனதே நான்தான். நல்லவன், ஐயா. என் மனைவி கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளும் பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக் கூடையோடு வந்தவன். அவளுக்கு ஊட்டிவிட என்னால் முடியாமல் போனபோது கரண்டியை வாங்கிக்கொண்டவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஓடைச் சரிவில் கோழிமுட்டை அளவில் ஒரு உருண்டை என் காலில் தட்டியது. எடுத்தது நான். உடைத்தது நான். உடைத்ததில் தூள் பறந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

"மாப்ள, இது என்னன்னு பாரு. எனக்கு ஒண்ணும் தெரியல."

அவன் வாங்கினான். பழக்கதோஷம், நக்கிவிட்டான்.

"ஐயோ மச்சான்."

"என்னடா?"

"உள்ள தீ எரியுது மச்சான். ஆனா நான் நக்கிட்டனே."

எல்லோரும் சரிவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அவர்களைவிட அதிகமாகச் சிரித்தேன். அந்த மலை தந்ததிலேயே பெரிய ஓப்பல் அது. கண்டெடுத்தவர்: கழுகு.

அவன் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மறுவாரமே டாக்டரிடம் போனான். "அது மச்சான் கல்லு சார். பேர மாத்துங்க." நான்தான் தடுத்தேன். "சட்டம்னா சட்டம்தான் மாப்ள. இருந்துட்டுப் போகட்டும்." வருஷத்துக்கு ஒருமுறை அலமாரியைத் துடைத்து அடுக்குவோம். வருஷா வருஷம் அவன் அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். வருஷா வருஷம் நான் தலையை ஆட்டுவேன், வேண்டாம் என்று. பெருந்தன்மையை நான் ஊறுகாய் மாதிரி போட்டு வைத்திருந்தேன். நாளாக நாளாக ருசிக்கும் என்று எண்ணம். உப்புக் குறைந்தால் புழு வைக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் தனியாகப் போனபோது இன்னொரு கல் கிடைத்தது. இந்தத் தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டு உடைத்தேன். நானே நக்கினேன். பழைய கல்லில் பாதி அளவுதான், ஆனால் அசைத்தால் நிறம் ஓடவில்லை, பாய்ந்தது. இப்படி ஒன்று கிடைத்தால் யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியுமா? கடையைச் சாத்திவிட்டு, லென்ஸ் தேய்க்கும் விளக்கின் கீழே வைத்து ஒரே ஒருவனிடம் காட்டினேன்.

மாப்பிள்ளை அதை விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மச்சான், இதுக்கு முன்னாடி என் கல்லு கூழாங்கல்லு" என்றான்.

'என் கல்லு' என்றான். தெரியாமல்தான் சொன்னான்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றேன்.

"ஏன், ஷோகேஸ்ல வைக்கலாமே?"

"சொல்லாதன்னா சொல்லாத."

தங்கையிடம்கூட மூச்சுவிடவில்லை. அப்படிப்பட்டவன். கல்லை நான் லென்ஸ் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். சரியான நேரம் வரட்டும், சங்கமே வாயைப் பிளக்கட்டும் என்று காத்திருந்தேன். சரியான நேரம் என்பது வரவே வராத பஸ். நிறுத்தத்தில் நிற்பவனுக்கு மட்டும் அது தெரியாது.

போன வருஷம் தங்கை மகள் கல்லூரிக்காக எங்கள் அலமாரியைப் பற்றி ஏதோ எழுதினாள். அட்டைகளை எல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டு, "மாமா, இத்தனை வருஷமா அப்பா கூடவே போறீங்க, உங்க பேர்ல ஒரு கல்லு கூட இல்லையே?" என்றாள். குழந்தை, வெகுளியாகக் கேட்டாள். மாப்பிள்ளை, "அடியேய், அந்தப் பெரிய கல்லே மாமாவோடதுதான்" என்றான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா எவ்வளவு பெருந்தன்மையானவர் என்று சிரித்தாள், ஐயா. என்னிடம் மிச்சமிருந்த ஒரே பொருள் அது. அதையும் அவன் எடுத்துக்கொண்டான்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். இனி இரண்டாவது சட்டம்.

மலையடிவாரத்தில் நாங்கள் கிண்ணம் என்று சொல்லும் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம். மலை செத்துப்போய்விட்டது என்று பெயர், ஆனால் அது இன்னும் மூச்சு விடுகிறது. காற்றே இல்லாத காலை வேளைகளில் அந்த மூச்சு கிண்ணத்தின் அடியில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். நிறமில்லை, வாடையில்லை. கனமான காற்று. நிமிர்ந்து நிற்பவனை ஒன்றும் செய்யாது. குனிந்தவனை விடாது. குனியக் குனியக் குட்டுவார்கள் என்று நாம் மனிதர்களைத்தான் சொல்கிறோம்.

அதனால் கிண்ணத்தில் இறங்குமுன் சங்கிலியில் ஒரு மெழுகுவத்தி விளக்கை அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் வீட்டுக்குப் போகலாம். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு. முக்கியமானது இதுதான்: இறங்குகிறவன் விளக்கைப் பார்க்கக் கூடாது. கல் ஆசை அவன் கண்ணை மறைக்கும், அணைந்த விளக்கும் எரிவது போலத் தெரியும் என்பார் டாக்டர். மேலே நிற்பவன் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் சொல்தான் சொல்.

கடைக்கு விடுமுறை விட்ட ஒன்பது காலைகளில் நான் தனியாகப் போய்க் கிண்ணத்தில் விளக்கு இறக்கினேன். ஏழு தடவை அணைந்தது. எந்த உயரத்தில் அணைகிறது என்று சங்கிலியில் நூல் கட்டி அளந்தேன். இடுப்பு உயரம். அவனுடைய இடுப்பு, என்னைவிட அவன் உயரம். கண்ணாடிக் கடைக்காரனுக்கு அளவு முக்கியம்.

பத்தாவது காலை நானும் மாப்பிள்ளையும் மட்டும் போனோம். என் கல்லைச் சேறு பூசி, காற்று வீசிய ஒரு சாயங்காலத்தில் இறங்கி, கிண்ணத்தின் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு ஓட்டையில் சொருகி வைத்திருந்தேன். லேசாக. உளி பட்டால் கீழே விழும்படி. காலையில் ஒரு இலை ஆடவில்லை. மாப்பிள்ளை கயிற்றைக் கட்டிக்கொண்டே, "விளக்கு சோடாபுட்டி கையிலயா, கடவுளே" என்று சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே சங்கிலியை இறக்கினேன். விளக்கு இடுப்பு உயரத்துக்கு வந்ததும் யாரோ ஊதின மாதிரி அணைந்தது. என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

"பாத்தியா மச்சான்?"

"பாத்தேன். எரியுது. இறங்கு."

இறங்கினான். நின்றபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தான். கழுகுதான், உடனே கண்டுகொண்டான். உளியால் நெம்பினான். கல் கீழே விழுந்தது. குந்தி உட்கார்ந்து எடுத்தான். சேற்றைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு நக்கினான். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

"மச்சான், இது உன் கல்லாச்சே" என்றான்.

சொல்லி முடித்துவிட்டு மூச்சை இழுத்தான். அலுத்துப் போனவன் சாய்வது போலச் சுவரில் சாய்ந்தான்.

இழுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கயிற்றின் நுனி என் கையில்தான் இருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து என் கண்ணாடி மங்கிவிட்டது. ஈரம். எப்படி வந்தது என்று தெரியவில்லை. துடைக்க இரண்டு கையும் வேண்டுமே, கயிற்றைக் கீழே வைத்துவிட்டுத் துடைத்தேன். ஒரு கண்ணாடியைச் சுத்தமாகத் துடைக்க நாலு நிமிஷமாவது ஆகும், தொழில்காரன் சொல்கிறேன்.

பிறகு நடந்ததெல்லாம் உங்கள் பழைய ஃபைலில் இருக்கிறது. விபத்து. விளக்குப் பார்த்தவருக்குப் பார்வைக் குறைபாடு. எல்லோரும் என்னைத் தேற்றினார்கள். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீ என்ன பண்ணுவ, உனக்குத்தான் கண்ணே தெரியாதே" என்று அழுதாள். அன்றைக்கு நான் பார்த்ததையும் பார்க்கவில்லை என்று ஆக்கிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

போன வாரம் நினைவுக் கூட்டம். நூலகத்தில் அலமாரியைத் திறந்தார்கள். நடுத் தட்டில், அந்தப் பெரிய ஓப்பலுக்குப் பக்கத்தில், என் கல். அவன் கைக்குள் மூடியிருந்ததாம், விரலைப் பிரித்து எடுத்தார்களாம். உதட்டில் சேறு இருந்தது, ஆகவே நக்கியிருக்கிறான், ஆகவே சட்டப்படி அவனுடையது என்று டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். முத்து முத்தான கையெழுத்தில் அட்டை. கண்டெடுத்தவர்: கழுகு. கடைசிக் கல்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம் மூன்று நாள் யோசித்தேன். அந்தக் கல் அங்கே எப்படி வந்தது என்று சொல்லாமல், அது என்னுடையது என்று சொல்ல வழியில்லை. அதற்காகத்தான் நேராக இங்கே வந்தேன். தண்டனையைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள். அட்டையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இரண்டாவது கல்லின் அட்டையை மட்டும் மாற்றினால் போதும். முதல் கல்லின் அட்டை அப்படியே இருக்கட்டும். அதில் நான் என்றைக்கும் பெருந்தன்மையாகத்தான் இருந்திருக்கிறேன்.

சாட்சி உண்டா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அது என்னிடம் இருந்தது ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். என் பக்கம் பேச எனக்கு எப்போதும் இருந்தவன் அவன் ஒருவன்தான். கேட்டிருந்தால் மறுக்கவே மாட்டான், ஐயா. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்: மாப்பிள்ளையே அவன் வாயால் சொன்னான், உன் கல் என்று.