துரை உறுமக் கூடாது

— துரையாம் துரை! நாய்க்கு வெச்ச பேரைப் பாரு! என் பொண்ணு கன்னத்துலயும் உதட்டுலயும் தையலோட உள்ள படுத்திருக்கா. நீங்க என்னடான்னா கதவைச் சாத்திக்கிட்டு அதைக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க!

— கொஞ்சலம்மா. பயந்து போய்க் கட்டிலுக்கு அடியில கிடக்கு. தடவிக் குடுத்தேன்.

— அது பயந்துருச்சாமே! கேட்டுக்குங்க கூத்தை! ஏண்ணே டிரைவரண்ணே, பஸ் ஓட்டுன காலத்துல குறுக்கே வந்தவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவீங்களே, அந்த வாயெல்லாம் இப்ப எங்க போச்சு?

— நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன் டெய்லரம்மா. உன் பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரிதான்.

— மாதிரி! இந்த மாதிரிக்கெல்லாம் ஒண்ணும் குறைச்சல் இல்ல.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் நகராட்சி கால்நடை டாக்டர். கீழே வண்டி நிக்குது.

— வாங்க டாக்டரம்மா, வாங்க வாங்க. ஃபோன் போட்டது நான்தான், கடிபட்ட பொண்ணோட அம்மா. எதிர்வீடு. இந்தத் தெருவுல எந்த வீட்டைப் பத்தி வேணும்னாலும் என்னைத் தாராளமாக் கேக்கலாம்.

— நாயைப் பத்தி மட்டும் போதும். முதல்லயே சொல்லிடறேன் ஐயா. கடிக்கறதுக்கு முன்னாடி எச்சரிக்கை காட்டியிருந்தா, வாய்க்கு மூடி மாட்டி, சங்கிலியில வெச்சு நீங்களே வளர்த்துக்கலாம். சொல்லாம கொள்ளாம கடிக்கற நாயைக் குழந்தைங்க இருக்கற இடத்துல விட்டுட்டுப் போக முடியாது. கூட்டிட்டுப் போனா திரும்பி வராது.

— திரும்பி வராதுன்னா?

— ஊசிதான் ஐயா.

— அப்படிச் சொல்லாதீங்கம்மா. வீட்டுக்காரி போனதுக்கப்புறம் அந்த ரூம்ல என்னோட சேர்ந்து மூச்சு விடற ஜீவன் அது ஒண்ணுதான்.

— புரியுது. கடிக்கறதுக்கு முன்னாடி உறுமுச்சா?

— எங்க உறுமும்? அது ஊமைக் கோட்டான் டாக்டரம்மா. வாயே திறக்காது.

— பொறந்ததுலேருந்தேவா?

— இல்லம்மா, முன்னாடியெல்லாம் நல்லா உறுமும். படியில செருப்புச் சத்தம் கேட்டாலே போதும். இந்த டெய்லர் தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பேக்கரியில ராத்திரி வேலை, பகல்லதான் தூங்கணும். உங்க துரை கச்சேரி வெச்சா மனுஷன் எப்படிக் கண்ணசர்றதுன்னு தினமும் வாசல்ல வந்து நிக்கும். நியாயம்தானே? அதான் அது உறுமறப்பல்லாம் மூக்குல சுண்டிச் சுண்டி, நிறுத்த வெச்சேன்.

— நிறுத்த வெச்சீங்களா?

— ரொம்ப புத்திசாலிம்மா அது. கப்புனு பிடிச்சுக்குச்சு. தங்கச்சியே சந்தோஷப்பட்டு அதுக்கு பிஸ்கட் குடுத்துச்சுன்னா பார்த்துக்குங்களேன்.

— ஆமா, குடுத்தேன். நல்ல புத்தி வந்தா பாராட்டக் கூடாதா? நான் ஒண்ணும் கடிக்கக் கத்துக் குடுக்கலையே!

— ஐயா, கிட்ட வராதேன்னு சொல்றதுக்கு அதுக்கிட்ட இருந்த பேச்சே அதுதான். அதைப் போய் நிறுத்திட்டீங்களே.

— எனக்குத் தெரியாதும்மா. நாலு குடும்பம் இருக்கற இடம், யாரும் ஒரு சொல் சொல்லாம வளர்க்கணும்னு பார்த்தேன்.

— சரி, உறுமலைன்னா போகட்டும். வேற ஏதாவது செஞ்சுதா? காதைப் பின்னால மடக்குச்சா? உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டுச்சா? அதுவும் எச்சரிக்கைதான். எனக்கு அது போதும். யார் பார்த்தீங்க?

— நான் கடைக்குப் போயிருந்தேன். கதவைச் சரியாச் சாத்தல. அது என் தப்பு.

— நான் பார்த்தேன் டாக்டரம்மா! பாப்பா பாட்டுக்குப் படியில உக்காந்து விளையாடிக்கிட்டிருந்தா. அது வந்துச்சு, மரம் மாதிரி நின்னுச்சு, லபக்குன்னு மூஞ்சியைக் கவ்விருச்சு. காதும் மடக்கல, பல்லும் காட்டல.

— நிச்சயமாத் தெரியுமா?

— இந்தப் படியில எறும்பு ஏறினாலும் எனக்குத் தெரியும். வேணும்னா யாரையாச்சும் கேட்டுப் பாருங்க.

— பாப்பாவை ஒரு வார்த்தை கேக்கலாமா?

— ஐயோ, அவ வாயைத் திறந்தா தையல் பிரிஞ்சிரும். மூச்சுக் காட்டாதேன்னு சொல்லிப் படுக்க வெச்சிருக்கேன். அதான் நான் சொல்றேனே!

— அப்ப எனக்கு வேற வழியில்லை. மன்னிச்சுக்குங்க ஐயா.

— ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம். டேய் துரை, வெளிய வா. இங்க பாரு. உறுமுடா ராஜா. அப்பா திட்ட மாட்டேன். டாக்டரம்மா கேக்கணும், ஒரே ஒரு தடவை. உர்ர்ருன்னு சொல்லு. இப்படி... உர்ர்ர்... உர்ர்ர்...

— அண்ணே, எழுந்திருங்கண்ணே. இந்த வயசுல மண்டி போட்டுக்கிட்டு... பார்க்க நல்லாவா இருக்கு?

— காலால மூக்கை மூடிக்குதும்மா. சுண்டப் போறேன்னு நினைச்சுக்குச்சு.

— சங்கிலியைக் குடுங்க ஐயா. எங்க ஆள் கூட்டிட்டு வருவார்.

— வேணாம். அது வேத்தாள் கூட வராது. நானே வண்டி வரைக்கும் கூட்டிட்டு வர்றேன். வாடா. மெதுவா, படியைப் பார்த்து இறங்கு.

*

— அந்தப் புதுத் துணியை அடியில வைக்காதடி, கசங்கிரும். உன் மாமியார் முதல்ல பெட்டியைத்தான் பார்ப்பா. அவ வாய் என் வாயை விட நீளம், சொல்லி வெச்சுட்டேன்.

— உன்னை விடவாம்மா? நம்பற மாதிரி சொல்லு.

— சிரி, சிரி. இன்னும் எத்தனை நேரம்? மேல் வீட்டு நர்ஸ் ஒரு எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா. அவ தம்பி கப்பல் வேலைக்குப் போனவன் அங்கேயே ஒருத்தியைப் பிடிச்சுக்கிட்டானாம். இப்ப நீயும் போறே. இனி நான் யாரைப் பத்திப் பேசறது?

— டிரைவர் மாமா இப்ப எங்கம்மா இருக்காரு?

— அவரா? நீ சின்னப் பொண்ணா இருக்கறப்பவே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவராச்சே.

— எங்கேன்னுதான் கேக்கறேன்.

— தெரியாது.

— உனக்கா? தெரியாதா?

— சாமானை ஏத்துனப்ப வாசல்லதான்டி நின்னேன். எங்கேண்ணே போறீங்கன்னு கேக்க வாயெடுத்தேன். மனுஷன் நிமிர்ந்து கூடப் பார்க்கல. இப்ப எதுக்கு அவரு? போற நேரத்துல.

— அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. எப்பவோ சொல்லியிருக்கணும்.

— அப்படி என்னத்தடி சொல்லப் போறே?

— நீ அன்னிக்கு மொட்டை மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேம்மா. நான் அலறினப்புறம்தான் இறங்கி ஓடி வந்தே.

— அதனால என்ன இப்ப?

— துரை எடுத்த உடனே கடிக்கலம்மா. ரொம்ப நேரம் நின்னு பல்லைக் காட்டுச்சு. என்னைப் பார்த்துச் சிரிக்குதுன்னு நெனச்சு, நானும் கிட்டப் போய்ப் பல்லைக் காட்டினேன்.