பாதிக்கு மேல் திருப்பணும்

மலேசியாவில், பகாவிலிருந்து சிரம்பான் போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மா பொம்மை ரயில் இஞ்சின் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"சத்தம் போடுது, நகர மாட்டேங்குது. வீட்டுக்காரரு பிறந்தநாளுக்கு வாங்குனேன். 'என் பழைய ரயில் செட்டுக்கு ஒத்து வராததை ஏன் வாங்குன'ன்னு ரெண்டு நாளா பேசல. கடையில திருப்பிக் கொடுக்கப் போறேன்."

வழியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார்: "புது இஞ்சினுக்குள்ள சிப் இருக்கு அண்ணி. தண்டவாளத்துல கொஞ்சமா கரண்ட் வந்தா சிப் மட்டும்தான் முழிச்சுச் சத்தம் போடும். செட்டோட வேக ரெகுலேட்டரைப் பாதிக்கு மேல திருப்புனாதான் ஓடும்லா."

"சத்தம் கேட்டதும் பயந்து நிறுத்திட்டாரு."

"போன் பண்ணிச் சொல்லுங்க."

"பேசாதவருகிட்ட போன்ல என்னத்தச் சொல்றது? நானே போய் ரெகுலேட்டரைத் திருப்பிக் காட்டுறேன்."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பகாவ் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்தார்.