சூடு போகும் வழி

கணினியைச் சின்னதாக்குவது பெரிய வித்தையில்லை. அதன் சூட்டைச் சின்னதாக்க முடியாது, தொல்லை அங்கேதான். முழங்கால் உயரப் பெட்டியில் வைத்தாலும் செருப்புப் பெட்டி அளவுக்குள் அடைத்தாலும் கிராபிக்ஸ் கார்டு தின்கிற மின்சாரம் அதேதான், கக்குகிற சூடும் அதேதான். இதெல்லாம் உங்கள் தாளில் ஏற வேண்டிய விஷயமில்லை, தெரியும். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வராது.

கட்டாத வீடுகளைக் காட்டுவது என் தொழில். கட்டடக்காரர்கள் வரைபடம் தருவார்கள். நான் அதைக் கணினியில் எழுப்பி, உள்ளே ஒருவர் நடந்து போவது போலப் படமாக்கித் தருவேன். ஒரு நிமிடப் படத்துக்கு இயந்திரம் மணிக்கணக்கில் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். அதனால் வலுவான பாகங்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, ஏழு விசிறி வைத்த பெரிய பெட்டியில் போட்டு, அதற்கென்று ஓர் அறையும் வைத்திருந்தேன். நாலாவது மாடி, தலைக்கு மேலே மொட்டைமாடி, ஒரே ஒரு ஜன்னல். சின்ன அறைதான். ஆனாலும் என் அறை.

அண்ணன் வந்த பிறகு அது அவர் அறையானது.

அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். என்னைப் படிக்கவைத்தவர். எனக்காகவே அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசுவார்கள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சில் "டேய்" ஒன்றுதான் மிச்சம். பசித்தாலும் டேய், படுக்கை நனைந்தாலும் டேய், டிவியைப் பார்த்துச் சிரித்தாலும் டேய். என் மனைவியையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"இருக்கட்டுங்க. இந்த வீட்டுல என்னை இவ்வளவு உரிமையா யாரும் கூப்பிட்டதில்ல" என்று அவள் சிரித்தாள்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இதற்கு மேல் தேறுவார் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். "இதயம் நல்லாவே இருக்கு. பத்து வருஷம்கூட இருப்பார்" என்றார். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

கட்டில் போட்டதும் அறையில் இன்னொருவர் நிற்கக்கூட இடமில்லை. நான் ஹாலின் மூலைக்கு வந்தேன், அதே சுவரின் மறுபக்கம். எனக்குக் கிடைத்த பலகை ஒரு முழ அகலம். "மிஷினையும் கொஞ்சம் சின்னதாப் பண்ணிக்கோங்களேன்" என்றாள் மனைவி. அவளைக் குறை சொல்லவில்லை. அவளும் தன் பீரோவை அண்ணனின் மருந்துக்கும் துணிக்கும் விட்டுக்கொடுத்திருந்தாள்.

மூன்று நாள் உட்கார்ந்து எல்லாப் பாகங்களையும் செருப்புப் பெட்டி அளவுக்குள் இறக்கினேன். உள்ளே ஒரு விரல் நுழைய இடமில்லை. பார்க்க அழகாக இருந்தது. ஓடவிட்டதும் பத்தே நிமிடத்தில் தொண்ணூற்றைந்து டிகிரி. அந்தச் சூட்டில் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குத் தெரியும். ஆனால் என் வேலை நடக்காது.

சில்லின் மேல் சூடு கடத்தப் பூசியிருக்கும் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். மின்னழுத்தத்தைக் குறைத்தேன். விசிறிகளைத் திருப்பி மாட்டினேன். தொண்ணூற்றொன்றுக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்த வாரத்தில் ஒரு நாள் அண்ணனைச் சக்கர நாற்காலியில் ஹாலுக்குத் தள்ளி வந்திருந்தோம். இடக்கையை நீட்டிப் பெட்டியின் தலையில் வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பாதி வாயால் சிரித்தபடி "டேய்" என்றார். மேடேறும்போது இன்ஜின் கொதித்தால் பயணிகள் எவ்வளவு கத்தினாலும் பஸ்ஸை ஓரங்கட்டி, ஆறும்வரை கீழே இறங்கி நிற்பவர் அவர். நிறுத்து என்றுதான் சொன்னார். எனக்கு அது புரிந்தது.

சுவரில் ஓர் ஓட்டை இருந்தது. முன்பு குடியிருந்தவர் ஏசி குழாய்க்காக ஹாலிலிருந்து அறைக்குள் போட்டது. பெட்டியின் வாயில் ஒரு குழாயைப் பொருத்தி அந்த ஓட்டைக்குள் விட்டேன். சூடான காற்று சுற்றிச் சுற்றித் திரும்பிப் பெட்டிக்குள்ளேயே வராமல் அப்படியே வெளியேறிவிடும். அன்றைக்கே எழுபத்தைந்துக்கு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் நினைத்தது போல நடந்த ஒரே காரியம் அதுதான்.

அண்ணனைக் குளிப்பாட்ட தினமும் காலையில் வரும் நர்ஸம்மாதான் முதலில் சொன்னார். "சார், ரூமா இது? அடுப்பு மேல உக்காந்த மாதிரி இருக்கு. பாவம் மனுஷன்." ஜன்னலை விரியத் திறந்துவிட்டுப் போனார். ஜன்னல் திறந்திருந்தால் மத்தியான அனல் காற்று உள்ளே அடித்து, குழாயின் வாயை எதிர்த்து நிற்கும். அவர் படியிறங்கியதும் மூடினேன். கதவிடுக்கு வழியே சூடு ஹாலுக்குத் திரும்பியது. ஒரு துண்டைச் சுருட்டிக் கதவடியில் அடைத்தேன். ஒவ்வொன்றாகச் செய்ததால் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த அறையில் எவ்வளவு சூடு இருந்தது என்று எனக்குத் தெரிய வழியில்லை, நான் ஹாலில் இருந்தேன்.

மனைவிக்குத் தெரிந்தது. "உங்கண்ணன் சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு கெடக்கு. அந்தக் குழாயை வேற பக்கம் திருப்புங்க."

"இந்த வேலை முடியட்டும், திருப்பிடறேன்."

"மிஷினுக்கு ஜுரம் வந்தா நாள் பூரா பாக்கறீங்க. அவரு நெத்தியில ஒரு தடவை கை வெச்சுப் பாருங்க."

அவளுடைய தங்கைக்குப் பிரசவ நேரம். நாலு நாளைக்குக் கிளம்பினாள். போகும்போது அண்ணன் கட்டிலருகே தண்ணீர்ச் சொம்பும் உறிஞ்சு குழலும் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, "ரெண்டு மணிக்கொரு தடவை தண்ணி குடுங்க, மறந்துடாதீங்க" என்றாள். சரி என்றேன். அண்ணனிடம் போய், "வந்துடறேன், தைரியமா இருங்க" என்றாள். அவர் பதிலுக்கு டேய் என்றார்.

அப்போது என் கையில் இருந்தது ஒரு முதியோர் இல்லத்தின் படம். காற்றோட்டமான அறைகள், அகலமான ஜன்னல்கள், அசைகிற திரைச்சீலைகள். துணி காற்றில் இயல்பாக அசைவதைக் கணக்கிடுவது இயந்திரத்துக்கு மிகக் கடினமான வேலை. மறுநாள் ஒன்பது மணிக்கு நர்ஸம்மா போனதும் ஜன்னலை மூடினேன், துண்டை அடைத்தேன், ஓடவிட்டேன். அந்தக் கோடையிலேயே அன்றுதான் அதிக வெயில் என்று பிறகு சொன்னார்கள்.

பன்னிரண்டு மணிக்கு இயந்திரம் எழுபத்தைந்தைத் தாண்டி எழுபத்தேழைக் காட்டியது. அறையின் மின்விசிறிக் காற்று குழாயின் வாய்க்கு நேராக அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய் அணைத்தேன். இரண்டு டிகிரி இறங்கியது. இரண்டு டிகிரி எங்கள் தொழிலில் சின்ன விஷயமில்லை. நான் சுவிட்சைத் தொட்டபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசிறியைப் பார்த்தார். அது நின்று முடிக்கும்வரை பார்த்தார்.

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார். குழாய் காற்றை மட்டும் கொண்டுபோகவில்லை, சத்தத்தையும் கொண்டுவந்தது. என் முழங்கை அருகிலிருந்து, பெட்டிக்குள் உட்கார்ந்து பேசுவது போல, "டேய்" என்று கேட்டது. நான் சத்தம் தாங்காதவன். விசிறிகளைக்கூடப் பார்த்துப் பார்த்து வாங்கியவன். இப்படிப்பட்ட குழாய்களுக்கு உள்ளே ஸ்பாஞ்சு ஒட்டினால் சத்தம் குறையும். காற்று தடைப்படாது. வீட்டில் ஒரு துண்டு இருந்தது. குழாயைக் கழற்றினேன். வெறும் ஓட்டை வழியே இன்னும் தெளிவாகக் கேட்டது.

"டேய்."

"இதோ வர்றேண்ணே" என்றேன்.

சொன்னதும் அவர் அடங்கினார். நான் சொன்னால் வருவேன் என்று அவருக்குத் தெரியும். ஸ்பாஞ்சை அளவெடுத்து வெட்டி, உள்சுற்றாக ஒட்டி, குழாயை மாட்டினேன். அதன் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆறு மணிக்குப் படம் முடிந்தது. ஒரு தடங்கலும் இல்லை. திரைச்சீலைகள் அவ்வளவு அழகாக அசைந்தன. மனைவியைப் போனில் கூப்பிட்டு அதைத்தான் முதலில் சொன்னேன். பிறகு தண்ணீர் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். துண்டை எடுத்தேன், ஜன்னலைத் திறந்தேன். சொம்பு கவிழ்ந்திருந்தது. இடக்கை கட்டிலுக்கு வெளியே, சுவிட்ச் இருக்கும் பக்கமாக நீண்டிருந்தது.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்று டாக்டரிடம் சொன்னேன், அவரும் எழுதிக் கொடுத்தார். அறை அவ்வளவு சூடாகும் என்று தெரியாது என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நர்ஸம்மாவிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட மனைவி மட்டும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஃபேன் ஏன் நின்னிருந்துச்சு?"

"கரன்ட் போயிருக்கும்."

"வேலை தடங்கலே இல்லாம முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே."

அதற்கு மேல் அவள் என்னிடம் பேசவில்லை. உங்களிடம்தான் பேசியிருக்கிறாள். சரியாகவே செய்தாள். என்னைப் பார்க்க அவள் வரமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

கோபம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. பத்து வருஷம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இருந்தது. என்னை வளர்த்தவர் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நானே நினைத்ததில்லை. அவர் போன பிறகு அது இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கவில்லை. இனி இறங்குவதற்கு வழியும் இல்லை.

இன்னொன்று. அறையின் சூடு எனக்குத் தெரிய வழியில்லை என்று சற்று முன்பு உங்களிடம் ஒரு பொய் சொன்னேன், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்துவந்த பெட்டியைத் திறந்தால், ஒரு மெல்லிய வயர் மட்டும் எந்தப் பாகத்திலும் சேராமல் குழாய்க்குள் போகும். அதன் நுனியில் அரிசி அளவு சென்சார். சூடு சரியாக வெளியேறுகிறதா என்று பார்க்க, அண்ணன் தலைமாட்டில் தொங்கவிட்டிருந்தேன். என் திரையின் ஓரத்தில் நாள் முழுக்க இரண்டு கோடுகள் ஓடின. விசிறியை அணைத்தபோது சிவப்புக் கோடு நாற்பத்தொன்று. ஸ்பாஞ்சு ஒட்டி முடித்தபோது நாற்பத்துமூன்று. மூன்று மணிக்கு நாற்பத்தாறு, நாலரைக்கு நாற்பத்தெட்டு. விசிறி நின்ற பிறகு நீலக் கோடு எழுபத்தைந்தைவிட்டு அசையவில்லை. இரண்டையும் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். அவரைக் கொன்றது நான்தான். அதை அப்படியே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அந்தப் பதிவை உங்கள் ஆள் பார்க்கும்போது குழம்பக் கூடாது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பெயர் வைக்கச் சொல்லி அந்த மென்பொருள் கேட்கும். நீலத்துக்கு 'உள்ளே' என்று வைத்தேன். அண்ணன் தலைமாட்டுக் கோட்டுக்கு 'வெளியே' என்று வைத்தேன். வெளியே எவ்வளவு சூடு என்று எங்கள் தொழிலில் யாரும் கவலைப்படுவதில்லை.