கோரெலிக் கடையின் மூடிய சனிக்கிழமைகள்

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் திரு. டிலார்ட் கோபர்ன் அவர்களே! சுரங்கத்தின் இருட்டில் முதுகு வளைத்து இந்த ஊரை நிமிர்த்திய முதியவர்களே! கரி படிந்த சட்டைகளைத் தேய்த்துத் தேய்த்தே கைரேகை தேய்ந்துபோன தாய்மார்களே! கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! மறைந்தவர் மண்ணுக்குள் போன முப்பதாம் நாளில் வழிபாடு செய்ய, ரயிலேறி வந்திருக்கும் அவருடைய யூத இனத்துப் பெரியவர்கள் பத்துப் பேரே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் நெட்டி ஸ்டால்நேக்கர். கோரெலிக் கடையில் தொப்பிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து இருபத்தெட்டு ஆண்டுகள் நின்றவள். மேடையில் நின்று பழக்கமில்லை. மேசைக்குப் பின்னால் நின்றுதான் பழக்கம். ஆகவே சொல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் புகழ்ந்தார்கள். பொதி சுமந்து வந்தவர் மூன்று தளம் எழுப்பினார் என்றார்கள். இந்த மாவட்டத்தின் முதல் மின்தூக்கி அவர் கடையில்தான் ஏறியது என்றார்கள். உண்மை, உண்மை, அத்தனையும் உண்மை. ஆனால் ஒருவராவது ஒரு கேள்வி கேட்டீர்களா? மூன்று தளமாய் ஓங்கிய கடை ஒற்றை அறையாய் ஒடுங்கியது ஏன்? முதலாளிக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவெட்டும் கடையில் முணுமுணுத்தோமே, அது மெய்யா? நான் பாராட்ட வரவில்லை, பெரியோர்களே. என் பிழையையும் உங்கள் பிழையையும் பேச வந்திருக்கிறேன்.

ஃபைவெல் கோரெலிக் இந்தப் பள்ளத்தாக்குக்குள் நடந்து வந்தபோது நான் குழந்தை. முதுகில் பொதி, கையில் தடி, பொதிக்கு மேலே கட்டிய ஒரு சட்டி. அந்தச் சட்டி எதற்கு? எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் அவர் சாப்பிட மாட்டார். பன்றிக் கொழுப்பு பட்ட சட்டி அவர்களுக்கு ஆகாது. முட்டை வாங்கி, தம் சட்டியில் அவித்து, உப்புத் தொட்டுத் தின்பார். என் அம்மா வாய்த்துடுக்குக்காரி. "ஏங்க, எங்க வீட்டுச் சட்டி என்ன, கடிச்சிருமா?" என்று கேட்டாளாம். அவர் ஊசிப் பொட்டலங்களை அடுக்கியபடியே, "சட்டி கடிக்காதும்மா. மேல இருக்கிறவர்தான் கடிப்பார்" என்றாராம். அம்மா அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவருக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஒரு சட்டிக்காக அவ்வளவு அஞ்சியவர் அந்த மனிதர்.

பிறகு கடை வைத்தார். மனைவி ஷிஃப்ரா அம்மாவை அழைத்துவந்தார். கீழே ஒற்றை அறைக் கடை, மேலே ஒற்றை அறை வீடு. வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதிலிருந்து சனிக்கிழமை சாய்வது வரை அவர்களுக்கு ஓய்வுநாள். வேலை கூடாது, விற்பனை கூடாது. மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டியைப் பகிர்ந்து, கணவனும் மனைவியும் ஒரு மேசையில் உட்கார வேண்டிய நாள். ஆனால் நம் ஊரில் சனிக்கிழமை என்ன நாள்? சுரங்கத்தில் சம்பள நாள்! மலையிலிருந்து குடும்பம் குடும்பமாய் இறங்கிவந்து, உள்ளாடையிலிருந்து ஊசிவரை வாங்கும் ஒரே நாள்!

முதல் சனிக்கிழமை கடையை மூடினார். கதவில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு ரயிலடிக் கடைக்குப் போனோம். இரண்டாவது சனிக்கிழமை மூடினார். போனோம். மூன்றாவது சனிக்கிழமையும் மூடினார். அட்டையைப் படிக்கக்கூட நிற்காமல் போனோம். என் அம்மாவும் போனாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். நான்காவது சனிக்கிழமை கடை திறந்திருந்தது.

அன்று அவர் மனைவியிடம் சொன்னதைப் பின்னாளில் அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்கள். "இன்னொரு தளம் மட்டும் எழும்பட்டும் ஷிஃப்ரா. அப்புறம் மூடிடலாம்." தளம் எழும்பியது. மூடினாரா? மூன்றாம் தளம் முடியட்டும் என்றார். முடிந்தது. மூடினாரா? மின்தூக்கி வரட்டும் என்றார். வந்தது. சில்லறைக் கடை சீமான் கடையானது. ஒரு கூரைக்குக் கீழே உடுப்பும் உண்டு, உலோகச் சாமானும் உண்டு, பட்டும் உண்டு, பாத்திரமும் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் அவருக்கு இல்லை.

கடைக்கும் மேல்வீட்டுக்கும் நடுவே சுவருக்குள் ஒரு பேசுகுழாய் ஓடியது. மேலிருந்து ஊதினால் கீழே சீழ்க்கை கேட்கும். கீழ்முனை என் தொப்பிப் பிரிவின் பக்கத்தில். வெள்ளிக்கிழமைதோறும் சூரியன் சாயும் நேரத்தில் சீழ்க்கை வரும். முதலாளி ஓடிவருவார். மேலிருந்து அந்த அம்மாவின் குரல் இறங்கும். "ஃபைவெல், மெழுகுவத்தி ஏத்தப் போறேன்."

இவர் சொல்வார், "ஏத்தும்மா. இதோ வந்துட்டேன்."

சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்புவார். அங்கே யாரோ ஒரு ஜோடி செருப்போடு காத்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர். கடையைப் பூட்டி அவர் படியேறும்போது மெழுகுவத்தி உருகி முடிந்திருக்கும். பதினோரு ஆண்டு வெள்ளிக்கிழமைகள் இதை நான் காதால் கேட்டேன். ஒரு வெள்ளிக்கிழமைகூட அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார வேறு யாரும் இல்லை.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். தாய்மார்களே, உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு, ஜனவரி மாதம். ஷிஃப்ரா அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து, பெருநகர ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதலாளி அங்கேயே இருந்தார். வெள்ளிக்கிழமை காலை எனக்குத் தொலைபேசியில் அழைப்பு. "நெட்டி, நம்ம கட்டடத்துல இருக்கிற கண்ணாடி எல்லாத்தையும் துணி போட்டு மூடிடு" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஜனவரி என்றால் கோரெலிக் கடையில் என்ன? படுக்கை விரிப்புகளின் வெள்ளைத் துணி விற்பனை! அட்டைப்பெட்டிகள் அந்த வாரம்தான் வந்திறங்கியிருந்தன. மனைவி படுக்கையில் கிடக்கும்போதும் இந்த மனிதருக்கு வியாபார அலங்காரம் வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டேன். சலித்துக்கொண்டே அலங்கரித்தேன். ஆளுயரக் கண்ணாடி, தொப்பிக் கண்ணாடி, மின்தூக்கிக் கண்ணாடி, அத்தனையிலும் வெள்ளை விரிப்புகளை மடிப்பு மடிப்பாய்த் தொங்கவிட்டேன். போதாதென்று தெருப்பக்க ஜன்னல்களிலும் தொங்கவிட்டு, விற்பனை அட்டையையும் நானே எழுதி வைத்தேன். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் பாதி ஊர் உள்ளே இருந்தது.

சாவு விழுந்த வீட்டில் கண்ணாடியை மூடுவது அவர்கள் வழக்கம். துக்கத்தில் இருப்பவன் தன் முகத்தைப் பார்க்கக்கூடாது. பதினோரு ஆண்டு அவர் உப்பைத் தின்ற எனக்கு அது தெரியாது, பெரியோர்களே! அவர் அதை விளக்காததற்குக் காரணம், 'இறந்துவிட்டாள்' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நடுப்பகலில் பெருநகரத்து இடுகாட்டில் மனைவியைப் புதைத்துவிட்டு, மூன்றரை மணி ரயிலில் வந்திறங்கி, தம் கடைக்குள் நுழைகிறார். உள்ளே என்ன? தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், விரிப்புகளை இழுக்கும் கைகள், சிரிப்பு.

அவர் கோட்டு மார்புப் பக்கம் கிழிந்து தொங்கியது. துக்கத்துக்குக் கிழிப்பதும் அவர்கள் வழக்கம்தான். ஓபல் ரக்கர் அக்கா அதைப் பார்த்து, "என்ன முதலாளி, கோட்டு கிழிஞ்சு தொங்குது? உங்க கடையிலயே தள்ளுபடியில ஒண்ணு எடுக்கிறதுதானே?" என்றாள். ஓபல் அக்கா, அழாதே. உனக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் தொப்பியைத் தொட்டு அவளுக்கு வணக்கம் வைத்தார். வெள்ளை விரிப்புகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். படியேறி மேலே போனார்.

ஜன்னல் விரிப்பின் மேல் வெயில் மஞ்சளாகும் நேரம். குழாயில் சீழ்க்கை வந்தது. காதை வைத்தேன்.

"நெட்டி, அவ போயிட்டா."

கையிலிருந்த விரிப்பை மேசையில் வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"இன்னைக்கு நான்தான் ஏத்தணும். ஆசி சொல்லத் தெரியும், எங்கம்மா சொல்லக் கேட்டிருக்கேன். ஆனா ஏத்தினதுக்கு அப்புறம் பொம்பளைங்க கண்ணைப் பொத்திக்கிட்டு அவங்க அவங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுவாங்க. இவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் மேல இல்லை. குழாய்ப் பக்கத்துல நின்னவ நீ. உனக்கு ஏதாவது கேட்டிருக்கா?"

கேட்டிருந்தது. பேசி முடித்தபின் குழாயின் மேல்முனையை மூட அந்த அம்மா பல நாள் மறந்துவிடுவார்கள். முணுமுணுப்பு இறங்கிவரும்.

"உங்க பாஷை முதலாளி. எனக்குப் புரியாது" என்றேன். "ஆனா உங்க பேர் வரும். ஒவ்வொரு வாரமும் வரும்."

உடனே கேட்டார். "பேருக்கு முன்னால என்ன? பின்னால என்ன?"

"தெரியலையே முதலாளி."

அன்பர்களே, என் வாழ்நாளில் யாருக்கும் இதைவிட ஏழ்மையான பதிலை நான் சொன்னதில்லை. மனைவி தனக்காக வேண்டியது நன்மையா, மன்னிப்பா, 'இன்றைக்காவது அவரை மேலே அனுப்பு' என்ற மன்றாட்டா? மூன்று தளத்துச் சரக்கையும் விற்றாலும் இனி அவருக்கு அது தெரியப்போவதில்லை.

"கடையை மூடிடு நெட்டி" என்றார். மூடினேன். மறுநாள் சனிக்கிழமை. கதவு திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை திறக்கவில்லை. பதினேழு ஆண்டுகள், வெள்ளிக்கிழமை வெயில் சாய்ந்தபின் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

நாம் என்ன செய்தோம்? துக்கம் விசாரித்தோம். சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவர் தின்ன முடியாத கொழுப்பில் சமைத்து! பிறகு? சம்பள நாளில் ரயிலடிக் கடைக்குப் போனோம். மூன்றாம் தளம் பூட்டப்பட்டது. மின்தூக்கி நின்றது. இரண்டாம் தளம் பூட்டப்பட்டது. விற்பனையாளர் பதினெட்டுப் பேரில் நான் ஒருத்தி மிஞ்சினேன்.

நான் மட்டும் யோக்கியமா? ஒரு சனிக்கிழமை, மழையில் அடி பிளந்துபோன காலணியோடு நின்றவள், ரயிலடிக் கடையில் புதிது வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன். முதலாளி குனிந்து பார்த்தார். எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் காலணியின் நுனியை அழுத்திப் பார்த்து, "விரல் இடிக்குதா நெட்டி? அரை அளவு பெரிசா எடுத்திருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகவே தலைவர் அவர்களே, அவரை நொடித்துப்போனவர் என்று எழுதாதீர்கள். மூளை குழம்பியவர் என்று பேசாதீர்கள். அந்தக் கடையிலிருந்து நாம் வாங்கிப்போனவற்றில் விலைமதிப்பில்லாதது எது? பட்டா? பாத்திரமா? இறகு வைத்த தொப்பியா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! அந்த நான்காவது சனிக்கிழமையிலிருந்து ஷிஃப்ரா அம்மா போகும்வரை, இருபத்து நான்கு ஆண்டு வெள்ளிக்கிழமை மாலைகளை வாங்கிப்போனோம். ஒரு பெண்ணின் மேசையில் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டிய கணவனை வாங்கிப்போனோம். அவர் விற்றது பிழை. பிழை என்று அவரே அறிந்தார், அறிந்து அழுதார், அழுதபின் திருந்தினார். மூடினால் வரமாட்டோம் என்று மும்முறை காட்டி அவரை விற்க வைத்த நாம், அவர் திருந்தியபோதாவது அவர் பக்கம் நின்றோமா? நிற்கவில்லையே!

அவர் பெயரில் பளிங்குப் பலகை வைப்பதாகச் சொன்னீர்கள். வையுங்கள். ஆனால் அவர் பலகைக்காக ஏங்கியவர் அல்லர்.

இன்று வெள்ளிக்கிழமை. அதோ மேற்கு ஜன்னலைப் பாருங்கள், சூரியன் மலைவிளிம்பைத் தொட்டுவிட்டது. ரயிலேறி வந்த பெரியவர்கள் பத்துப் பேரும் ஓய்வுநாள் பிறக்குமுன் கிளம்பக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எனக்காக மரியாதையோடு காத்திருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கிய நேரம் இன்னும் இருக்கிறது, சொல்லவும் இன்னும் இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். வணிகப் பெருமக்களே, இந்தக் கூட்டம் முடிந்ததும் மறுபடி போய்க் கடையைத் திறக்கலாம் என்று சாவியைத் தடவிக்கொண்டிருக்கிறீர்கள். இன்று ஒரு மாலை திறக்காதீர்கள். உங்கள் வீட்டில் உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் ஏதோ வேண்டிக்கொண்டிருக்கிறார். போங்கள், பக்கத்தில் உட்காருங்கள், முழு வாக்கியத்தையும் கேளுங்கள்!

காது கொடுத்த உங்களுக்கும், கண்ணீர் விட்ட தாய்மார்களுக்கும், நேரம் தந்த தலைவருக்கும் நன்றி. வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.