குழாய் வாயில் ஐந்து விரல்

மணி பதினொன்றரை. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோடு. கடைசிக் கம்பத்து விளக்கைத் தாண்டி ஒன்றரை மைல்... இரண்டு பக்கமும் புளியமரம். மில் பஸ் போய்விட்டால் விடிகிற வரை அங்கே ஒரு நாய்கூட நடக்காது. அந்தக் காலத்தில் ரோட்டை ஒட்டி இரண்டே இரண்டு வீடு. ஒன்று என் சிநேகிதன் பீர் முகமதுவின் வீடு. கொல்லையில் ஒரு குட்டைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சோலைமுத்துவும் அவர் தங்கை பொன்னழகும்.

நடந்தது ஐம்பத்தாறாம் வருஷம், ஆவணி முடிகிற சமயம். பீரின் அம்மா காதர் பீவி தன் வாயால் மகனிடம் சொன்னது. நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற சங்கதி இல்லை.

பொன்னழகுக்கு அப்போது இருபத்தாறு வயது. செவ்வாய் தோஷம். மூன்று இடத்தில் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நாலாவதாக வந்தவர் பொன்னுத்துரை. மில் வேலை. மெஷினில் மாட்டி வலது கையில் சுண்டுவிரல் போய்விட்டது. எனக்கே ஒரு விரல் குறை, அடுத்தவர் ஜாதகத்தில் குறை பார்க்க நான் யார் என்றாராம். பரிசம் போட்டாயிற்று. கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. இதே ரோட்டில் சைக்கிளில் வந்தவரை லாரி அடித்துவிட்டது.

ஊர் ஒரே வார்த்தைதான் சொன்னது. செவ்வாய் எடுத்துக்கொண்டது. பொன்னழகும் அதை நம்பிவிட்டாள். அதைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை.

சோலைமுத்து டவுனில் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அந்த வருஷம் செவ்வாய் பூமிக்கு ரொம்பக் கிட்டே வருகிறது என்று பேப்பரில் படித்தார். மெட்ராசில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கிற கடையில் ஐந்து அங்குல லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தார். தகரத்தில் ஆறரை அடிக் குழாய் அடிக்கச் சொல்லி, கொல்லையில் ஒரு கல்தூண் நட்டு அதன்மேல் ஏற்றினார். மேல் முனையில் லென்ஸ், கீழ் முனையில் கண் வைக்கிற இடம். கண் வைக்கிற இடத்தில் காமிராவை மாட்டிக் கண்ணாடிப் பிளேட்டில் படம் எடுப்பார்.

முதல் ராத்திரி தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்தா பாரு தாயி. ஒரு உருண்டை. அம்புட்டுத்தான். இதுவா ஆளைத் தூக்கும்?"

பார்த்தாள். மங்கலான செம்மண் நிறத்தில் ஒரு உருண்டை. ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பொன்னழகு சிரித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் காதர் பீவிக்கே கேட்டது.

அப்புறம் தினமும் அதுதான் வேலை. குழாயின் வாய் ஏழு அடி உயரத்தில் இருக்கும். பொன்னழகு முக்காலியில் ஏறி நின்று லென்சை மூடிய அட்டையை எடுப்பாள், ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள், மூடுவாள். பதினொரு பிளேட் எடுத்து ஒன்று தேறியது. அதை நடுவீட்டில் மாட்டினார் சோலைமுத்து. சிவப்பில்லை, ஒன்றுமில்லை. வெறும் சாம்பல் நிறப் பொட்டு.

ஒரு ராத்திரி அவருக்குக் கண் வலி. நீயே திருகிப் பாரு என்றார். திருகாணியைத் திருகினால் உருண்டை கலங்கிப் பெரிய வெளிச்ச வட்டமாக விரியும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூர்மைக்குக் கொண்டுவர வேண்டும். கலங்கியிருக்கும்போது லென்சுக்கு முன்னால் யாராவது கை நீட்டினால், அந்தக் கை வட்டத்துக்குள் நிழலாகத் தெரியும். அதை அண்ணனே ஒருநாள் விளையாட்டாகக் காட்டியிருந்தார்.

திருகினாள். வட்டம் விரிந்தது. ஓரத்தில்... விரல்கள்.

கையை எடுங்கள் அண்ணே என்றாள். அண்ணனின் பதில் முதுகுக்குப் பின்னால் கிணற்றடியிலிருந்து வந்தது. பிளேட் கழுவிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தாள். குழாயின் வாய், அதற்கு மேலே வானம். முக்காலி சுவரோரம் கிடந்தது. காற்றுகூட இல்லை. தூரத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை மட்டும்.

மறுபடி கண்ணை வைத்தாள். அப்படியே இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து ஏறுகிறவன் விளிம்பைப் பிடிப்பானே, அந்த மாதிரி.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஆசை. நாலு விரலாக இருக்க வேண்டும் என்று எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு...

ஐந்து. சுண்டுவிரல் முழுசாக இருந்தது.

அப்போதுதான் பயந்தாள்.

சோலைமுத்து வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். லென்சைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பழைய லென்ஸ், உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும் என்றார். நான் கையை நீட்டுகிறேன், நீ பார், பூஞ்சணமாக இருந்தால் அசையாது என்று சொல்லி முக்காலியில் ஏறினார்.

அண்ணனின் விரல்கள் வட்டத்துக்குள் வந்தன. மோதிரம் தெரிந்தது. விளிம்பைப் பிடித்திருந்த மற்ற ஐந்தும்... ஒவ்வொன்றாக விட்டன. நகர்ந்தன. அண்ணனின் விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாக நுழைந்து மடங்கின.

"அண்ணே... அது ஒங்க கையப் பிடிச்சிருக்கு."

"ஒண்ணும் தெரியலையே தாயி."

முக்காலி கிறீச்சிட்டது. இறங்கி வந்தார். அவள் பின்னால் நின்று வலது கையை அவள் தோளில் வைத்தார். ஐந்து விரலின் கனமும் தோளில் தெரிந்தது. மோதிரத்தின் சில்லிப்பும் தெரிந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

வட்டத்துக்குள் இரண்டு கையும் அப்படியே இருந்தன. மோதிரத்தோடு.

அவள் சொல்லவில்லை. என் ஜாதகம் உங்களையும் பிடித்துவிட்டது என்று அண்ணனிடம் எந்த வாயால் சொல்லுவாள்? பூஞ்சணம்தான் போலிருக்கு என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது சோலைமுத்துவின் கையிலிருந்து சோறு நழுவியது. ஒரு வாரத்தில் ஸ்டுடியோவில் இரண்டு பிளேட் விழுந்து உடைந்தது. வலது கை செத்துக்கொண்டு வந்தது. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அந்தக் கையில் தூர் வாரின கிணற்றுச் சேற்று வாடை போகவில்லை. தீபாவளி வருவதற்குள் தோள்வரை ஏறிவிட்டது. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆண்கள் வார்டு. ராத்திரியில் பெண்கள் தங்கக்கூடாது என்று பொன்னழகை அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குத் துணைக்குப் படுக்கச் சுவரேறி வந்தாள் காதர் பீவி. பொன்னழகு படுக்கவே இல்லை. எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னாள். பத்து மணிக்குக் கொல்லைக்குப் போய், குழாயைச் செவ்வாய்க்கு நேராகத் திருப்பி, கலங்க விட்டாள். முக்காலியைத் தூக்கி வந்தாள்.

"அக்கா, நீங்க கண்ணை வையுங்க. நான் கைய விட்டு அண்ணன் கைய இழுக்கப்போறேன். என்னா தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க."

ஏறினாள். கையை நீட்டினாள். காதர் பீவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"எத்தனை கை தெரியுது?"

காதர் பீவி கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"ஒண்ணுதான் பொன்னு. ஒன் கை மட்டுந்தான்."

அண்ணன் தப்பித்தார் என்று பொன்னழகு முக்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். விடியற்காலம் ஆஸ்பத்திரி ஆள் சைக்கிளில் வந்து பெல் அடித்தான். சோலைமுத்து ராத்திரி பத்து மணிக்கே போய்விட்டார்.

தை பிறந்த அன்று வாசலில் கோலம் போட உட்கார்ந்தாள் பொன்னழகு. விரலிலிருந்து பொடி இறங்கவில்லை. விரல் விரியவில்லை. மாசி முடியவில்லை... அவளும் போய்விட்டாள். குழாயைக் காதர் பீவியின் புருஷன் ஆள் வைத்து வெட்டி, லென்சை அம்மியில் வைத்து நொறுக்கினார்.

காதர் பீவி இதை முப்பது வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. சாகக் கிடக்கும்போது மகனைக் கிட்டே கூப்பிட்டாள்.

"பொய் சொல்லிட்டேன் பீரு. ஒண்ணு இல்ல அது. அந்தப் பிள்ளை பயந்துரும்னு ஒண்ணுன்னு சொன்னேன்."

எத்தனை இருந்தது என்று பீர் கேட்டான்.

"எண்ண முடியலை. வட்டம் நெறைய இருந்துச்சு. எல்லாம் அவ கையப் பிடிச்சுக்கிட்டு..."

தண்ணீர் கேட்டாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

"அதுல சிலது... பச்சப்பிள்ளைக கை."