சாவிக்கொத்தில் ஒரு கப்பல்

நாற்காலிய இப்படி இழுத்துப் போட்டுக் கிட்ட உக்காரும்மா. சத்தமாப் பேச முடியாது. அங்க ஜெராக்ஸ் மிஷின்கிட்ட நிக்கிறாரே ஒருத்தர், அவர் எங்க மாடிவீட்டுக்காரர். நான் இந்த நெட் சென்டருக்கு வந்தது அவர் வாய்ல விழுந்துச்சுன்னா, நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள என் வீட்டுக்காரி காதுக்குப் போயிடும். அவளுக்குத் தெரியவே கூடாது. ஒரு கப்பல் நிக்குதா ஓடுதான்னு பாக்கணும், அவ்வளவுதான். பாத்துச் சொல்லிட்டேன்னா நான் பாட்டுக்குக் கிளம்பிடுவேன்.

விலாசமா? அதெல்லாம் எனக்கெங்க தெரியும். எங்க வீட்ல அந்த வெப்சைட்டுக்குப் பேரு கப்பக்காரன். சிரிக்காத, என் மருமக வச்ச பேரு. உலகத்துல இருக்கிற கப்பலையெல்லாம் படத்துல புள்ளி புள்ளியாக் காட்டுமாமே... ஆங், அதேதான். தொற, தொற.

நெட்டு இழுக்குதா? வட்டம் சுத்துதாக்கும். சரி, சுத்தட்டும். இல்லம்மா, தண்ணியெல்லாம் வேணாம். உக்காந்துக்கிட்டுத்தான இருக்கேன்.

என் மருமகளப் பத்திச் சொல்லணும் உனக்கு. ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல முன்னாடி உக்காந்து பேர் பதியுற வேலை. வீட்டுக்கு வந்தா ஒரு பழைய கம்ப்யூட்டர். உருப்படியா ஒரு வெப்சைட் கண்ல பட்டாப் போதும், எடுத்துப் பத்திரப்படுத்திடுவா. நூத்தி அறுபத்திமூணு வச்சிருக்கா. மொத்தத்துக்கும் சாவிக்கொத்துன்னு பேரு. வந்த புதுசுல என் வீட்டுக்காரி, அவங்கவங்க வீட்டு மருமக பாத்திரம் சேக்குது, துணிமணி சேக்குது, நமக்கு வாய்ச்சது விலாசம் சேக்குதும்பா. அவ காதுல விழணும்னே சொல்லுவா. மருமகளும் சளைக்கமாட்டா. தொடைச்சு அடுக்க வேண்டியதில்ல பாருங்க அத்தைம்பா.

ஒவ்வொண்ணுக்கும் அவளே ஒரு பேர் வைப்பா. மாத்திரை ஜாதகம்னு ஒண்ணு, எந்த மாத்திரை என்ன பண்ணும், எதோட சேரக்கூடாதுன்னு சொல்லும். பொய்யா நெசமான்னு ஒண்ணு. இந்த மாடிவீட்டுக்காரர் போன்ல எது அனுப்பினாலும் அதுல போட்டுப் பாப்பா. இதுவரைக்கும் ஒண்ணுகூட நெசமில்ல. அப்புறம் பேசாத மெக்கானிக். யாரோ வேத்து தேசத்துக்காரன், வாயே தொறக்கமாட்டான், கைய மட்டும் காட்டி எதையும் கழட்டி மாட்டுவான். அவனப் பாத்தே இவ துணி துவைக்கிற மிஷினச் சரிபண்ணிட்டா. முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவுல இன்ஜினப் பிரிச்சவன் நான், பக்கத்துல நின்னு ஸ்குரூ எடுத்துக் குடுத்தேன்.

வந்துடுச்சா? பாதிதானா. கப்பல் பேரப் போட்டுத் தேடலாந்தான், ஆனா அது ஆகாதும்மா. அதுல ஒரு தடவை பட்டுட்டோம். எம் பையன் கப்பல்ல இன்ஜின் ரூம் வேலை. அவன் ஏறின புதுசுல மருமக கப்பல் பேரப் போட்டுத் தேடினா, புள்ளி வந்துச்சு. பத்து நாள் அதையே பாத்துக்கிட்டு இருந்தோம். நடுக்கடல்ல புயல்னாங்க, என் வீட்டுக்காரி தூங்கவே இல்ல. பதினோராம் நாள் பையன் போன் பண்ணி, புயலா, நாங்க இன்னும் கரையிலதான சரக்கு ஏத்திக்கிட்டிருக்கோம்கறான். மனுசங்கள மாதிரிதான் கப்பலும், ஒரே பேர்ல நாலு இருக்கு. பத்து நாளும் யார் பெத்த பிள்ளைக்கோ அழுதிருக்கோம்.

அன்னிலேருந்து என் வீட்டுக்காரி ஒரு சட்டம் போட்டுட்டா. தினம் சாயங்காலம் மருமக வேலைலேருந்து வந்து கப்பக்காரனத் தொறப்பா. பேரு மட்டும் சொன்னா செல்லாது, ஒவ்வொரு கப்பலுக்கும் தனியா ஒரு நம்பர் இருக்கே, அதச் சொல்லணும். பள்ளிக்கூடத்துல பேர் கூப்பிடுற மாதிரி. நம்பர் சொல்லுடிம்பா, இவ படிப்பா. என் வீட்டுக்காரிக்குக் கண் மங்கல், எழுத்து தெரியாது, புள்ளி மட்டும் தெரியும். நானும் எழுத்துக்கூட்டுற ஆளுதான், அதுவும் தமிழு; தெரையில இருக்கிற பொடி நம்பரெல்லாம் என் கண்ணுக்கு எட்டாது.

மூணு மாசமா அந்தக் கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வெளியில நங்கூரம் போட்டு நிக்குது. முதலாளி கையை விரிச்சிட்டான். உள்ள பதினாலு பேரு. எறங்கவும் விடமாட்டாங்க, கிளம்பவும் விடமாட்டாங்க. டீசல் தீந்துடும்னு விளக்கக்கூட அணைச்சிடுறாங்களாம். எப்பவாவது போன் வரும், சாப்டியான்னு கேக்குறதுக்குள்ள கட்டாயிடும். இருபது நாளா அதுவும் இல்ல. என் வீட்டுக்காரி சோத்தத் தொடல. சமையக்கட்டுல மயங்கி விழுந்துட்டா. இன்னொரு அதிர்ச்சி இந்த இதயம் தாங்காதுன்னு டாக்டர் என்னையும் மருமகளையும் வெளியில கூப்பிட்டுச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் புள்ளி நகந்துச்சும்மா.

என் வீட்டுக்காரி தெரையில விரல வச்சு வச்சுப் பாக்குறா. இந்தா, இங்க இருந்துச்சு, இங்க வந்துடுச்சுங்கறா. அன்னிக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. இப்ப பன்னெண்டு நாளா எழுந்து நடமாடுறா, பழையபடி எனக்குத் திட்டு விழுது. நல்லாத்தான் இருக்கு.

சந்தோசப்படாம ஏன் இங்க வந்தேன்னு கேக்குற. காதுதாம்மா காரணம். டிப்போவுல என் படிப்புக்கு மரியாதை இல்ல, காதுக்குத்தான். வண்டி கேட்டுல திரும்புறப்பவே எங்க கோளாறுன்னு சொல்லிடுவேன். மருமக நம்பர் படிக்கிறப்ப சைபர் வந்ததும் ஒரு மூச்சு நிப்பா. ரெண்டு வருஷமா அப்படித்தான். பாத்துப் படிக்கிறவங்களுக்கு அப்படி ஒரு எடம் வரும். புள்ளி நகந்த அன்னிலேருந்து நிக்கல. மடமடன்னு போகுது. பாக்காம சொல்றாம்மா அவ. பாக்காம சொல்றான்னா தெரையில வேற நம்பர் இருக்கு. அதே பேர்ல இருக்கிற அந்த யார் பெத்த பிள்ளையோ கப்பல், அதுதான் ஓடுது.

கேக்கலியான்னா? எப்படிக் கேப்பேன். மாமனாருன்னு போய் நின்னு கேட்டா அவ பொய் சொல்லணும், இல்ல நெசத்தச் சொல்லணும். எதைச் சொன்னாலும் அவளுக்குத்தான் ரணம். அவ புருஷன் இல்லையா அது. அவ வேலைக்குப் போயிருக்கிறப்ப நானே தொறக்கலாம்னா எனக்கு அதுல ஒரு மண்ணும் தெரியாது. அதான் நம்பரக் காதுல விழுந்தபடியே உருப்போட்டு வச்சிருக்கேன். ரெண்டு நாளா பல் தேய்க்கிறப்பக்கூட வாய் அதத்தான் முணுமுணுக்குது.

நிக்குதுன்னா தாங்கிக்குவேம்மா. புள்ளியே இல்லாமப் போயிருந்தா? அதை மறைக்கத்தான் இவ இதைக் காட்டுறாளோன்னு பன்னெண்டு நாளா உள்ளுக்குள்ள ஓடுது.

தொறந்துடுச்சா? அடிச்சுக்க. ஒம்பது, ரெண்டு, ஆறு, சைபர். நாலு, ஒண்ணு, ஏழு. ஆமா, ஏழுதான் கடைசி. நீ முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்காத, இங்க பாத்தே சொல்லு.

இருக்கா? புள்ளி இருக்கா. எப்போ வந்த சேதி அது? இன்னிக்குக் காலையிலதா. அதே துறைமுகம், வெளியில. அசையவே இல்ல.

நிக்குது. நிக்கட்டும், நிக்கட்டும்மா. நிக்குதுல்ல.

ஒண்ணுமில்ல, கண்ல தூசி. போதும், மூடிடு. வீட்டுக்குப் போய் நான் ஒண்ணும் காட்டிக்கப் போறதில்ல. மருமக அந்தக் கப்பல ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்து பையன் எங்க போய்ட்டான்னு கேட்டுக்கிறேன்.

மருந்துக்கடை எந்தப் பக்கம்மா? மாத்திரை வாங்கப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன். இன்னிக்கு மருமகளுக்கு லீவு; செருப்பு மாட்டுறப்ப ஒரு சீட்டச் சட்டைப் பையில வச்சா, மறந்துடாதீங்க மாமான்னு. இந்தா, கண்ணாடி எடுத்துட்டு வரல, என்ன மாத்திரைன்னு படிச்சிடு.

என்ன, மாத்திரை பேர் இல்லையா? நம்பரா?

படி. ஒம்பது, ரெண்டு, ஆறு, சைபர்... ஏன் நிறுத்திட்ட? ஓ. அங்க எடம் விட்டு எழுதியிருக்காளா.

கீழ என்னவோ தமிழ்ல இருக்கே. நெட்டு இழுக்கும் மாமா, அவசரப்படாதீங்க, காலையிலதான் பாத்தேன், அங்கயேதான் நிக்கிறாங்க... ம். அப்புறம்?

அத்தை மாத்திரைய நேத்தே வாங்கி, உங்க சட்டையோட இன்னொரு பையில வச்சிருக்கேன்.