தோற்கக் கூப்பிட்ட அக்கா

சிவாஜி நகரிலிருந்து காக்ஸ் டவுன் வழியாகப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னது காதில் விழுந்ததும் பாடப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“நீ தோக்கணும்னுதான்டி கூப்பிடறேன். சர்ச் ஹால்ல நடக்கற கேரம் டோர்னமென்டுக்குப் பேர் குடுக்க இன்னிக்குத்தான் கடைசி.”

“வீட்ல தம்பிங்களோட ஆடினதோட சரிக்கா. மொத ரவுண்டுலயே மானம் போயிடும்.”

“போகட்டுமே. அங்க தோத்தவங்கதான் அடுத்த ஆட்டத்துக்கு அம்பயர். போன வருஷம் மொத ஆளா தோத்தேன். ஆள் பத்தலன்னு சாயந்தரம் வரைக்கும் என்னை எழுப்பவே இல்ல. யார் எப்படி அடிப்பாங்கன்னு இப்ப எனக்கு அத்துப்படி.”

“எல்லாரும் பாப்பாங்களே?”

“காயினைத்தான்டி பாப்பாங்க. உன்னை யாரு பாக்கறா?”

“காக்ஸ் டவுன், இளிரி!” என்று கன்னடத்தில் இறங்கச் சொல்லிக் கத்தினார் கண்டக்டர். மூத்தவள் எழுந்தாள். இளையவள் இறங்க வேண்டியது அடுத்த நிறுத்தம். கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவளும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“ஒருவேளை உன்னையே ஜெயிச்சுட்டேன்னா, இந்த வருஷமும் நீதான்க்கா அம்பயர்!”